கிழட்டுக் குதிரை நின்ற இடம்

எல்லையோர ஊர்களில் வாழ்பவர்களுக்கு ஒரு கேள்வி பிறந்தது முதலே பழக்கமானது. “உங்கள் ஆட்கள் இங்கே எப்போது வந்தார்கள்?” என்பதே அக்கேள்வி. சித்தூர் வட்டத்தில் ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு திசையிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும். பஞ்சம் பிழைக்க வந்தோம் என்பார் ஒருவர்; கோயில் கட்ட அழைத்து வந்தார்கள் என்பார் இன்னொருவர்; பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சேர்ந்து வந்தவர்கள் நாங்கள் என்று சிரிப்பவரும் உண்டு. வந்த கதை இல்லாத குடும்பம் அரிது. வந்த நாளை ஆவணத்தால் காட்டவல்ல குடும்பமோ அதனினும் அரிது.

எங்கள் ஊரின் பெயர் பெருமாட்டி. தமிழில் இச்சொல் தலைவியை, பெருமைக்குரிய பெண்மணியைக் குறிக்கும். ஊர்ப் பெயருக்கும் இச்சொல்லுக்கும் உறவு உண்டென்று கூற நான் துணியமாட்டேன். சொல்லாராய்ச்சி என் தொழிலன்று. ஆயினும் தமிழறிந்த முதியவர் ஒருவரிடம் இப்பெயரைச் சொல்லிப் பாருங்கள். அரை நாழிகைக்குள் ஓர் அரசியையோ, அன்னமிட்ட ஒரு செல்வச் சீமாட்டியையோ அவர் நம் முன் நிறுத்திவிடுவார். பெயர் முதலில் நிற்கிறது. அப்பெயருக்கேற்ற முதல்வரோ முதல்வியோ பின்னர் வந்து சேர்கிறார். ஊர் தோன்றிய கதைகள் பலவும் இவ்வாறே பிறந்திருக்கக்கூடும் என்பது என் எண்ணம். இவ்வெண்ணத்தை உறுதிப்படுத்தும் ஒரு புதினம் எங்கள் மாவட்டத்திலேயே பிறந்திருக்கிறது. அதனைக் குறித்தே இங்கு எழுதத் தொடங்கினேன்.

ஓ. வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ மலையாளப் புதின வரலாற்றை இரண்டாகப் பிரித்த நூல் என்று திறனாய்வாளர் கூறுவர். 1968-இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து, 1969-இல் நூலாயிற்று. விஜயன் 1930-இல் பாலக்காட்டு மண்ணில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை கற்றவர். தில்லியில் கருத்துப்பட ஓவியராய்ப் புகழ் பெற்றவர். 1956-இல் அவருடைய சகோதரியார் பாலக்காட்டு நகரை அடுத்த தஸ்ராக் என்னும் சிற்றூரில் ஓராசிரியர் பள்ளியில் பணியேற்றார். அவரோடு அங்குத் தங்கியபோது கண்ட ஊரே பன்னிரண்டு ஆண்டு உழைப்பிற்குப் பின் கசாக் ஆயிற்று. தஸ்ராக் நிலப்படத்தில் உண்டு. கசாக் எந்த நிலப்படத்திலும் இல்லை. பெயரை மாற்றியதோடு அமையாமல், அவ்வூருக்கு ஒரு மலையையும், ஒரு பழங்கதையையும், ஓர் ஊர்முதல்வனையும் படைத்துத் தந்தார் விஜயன்.

கதை இதுதான். நெடுங்காலத்துக்கு முன் ஒரு நிறைநிலா இரவில் ஆயிரத்தொரு குதிரைகள் கொண்ட படையொன்று அந்நிலத்திற்கு வந்தது. அதன் தலைவர் சையது மியான் ஷேக். ஆயிரம் குதிரைகள் மாசு மறுவற்ற வெண்குதிரைகள். தலைவர் ஏறி வந்ததோ மெலிந்து நோயுற்ற ஒரு கிழட்டுக் குதிரை. அக்குதிரையால் அதற்குமேல் நடக்க இயலவில்லை. அது நின்ற இடத்தில் தலைவர் நின்றார். தலைவர் நின்ற இடத்தில் படை நின்றது. பனங்காட்டினிடையே பாளையம் இறங்கிற்று. குதிரை இறந்தது, படை பின்னர் அங்கிருந்து நகரவே இல்லை. அவ்வாயிரவர் வழிவந்தவர்களே கசாக் மக்கள். ஷேக் செதலி மலைமேல் அடக்கமாகி, ராவுத்தர்க்கும் ஈழவர்க்கும் ஒருசேரக் காவலாய் விளங்குகிறார்.

இக்கதையை ஆசிரியர் தம் கூற்றாக வைத்துவிட்டு நகர்ந்துவிடவில்லை. அல்லாப்பிச்சை மொல்லாக்கா என்னும் முதியவர் ஓத்துப்பள்ளியில் ராவுத்தர்ப் பிள்ளைகளுக்குச் சொல்வதாக அமைத்திருக்கிறார். தலைவர் ஏன் கிழட்டுக் குதிரையில் வந்தார் என்ற ஐயம் பிள்ளைகளுக்கு எழுகிறது. நல்ல குதிரைகளுக்கு ஆயிரம் பேர் உண்டு. கிழட்டுக் குதிரைக்கு ஷேக்கை விட்டால் யார் இருக்கிறார்கள் என்னும் பொருள்பட அமைகிறது விடை. இப்புதினம் முழுவதற்கும் அச்சாணி இந்த விடையே என்று நான் கருதுகிறேன். அதற்கு வருமுன் ஒரு சொல்லைப் பார்த்துவிடல் வேண்டும்.

ராவுத்தர் என்பது அச்சொல். மலையாளத் திறனாய்வாளர் பலர் கசாக்கின் மொழிநடையைப் பற்றி, ரவியின் குற்றவுணர்வைப் பற்றி, இருத்தலியம் பற்றி எழுதிக் குவித்திருக்கின்றனர். இந்தச் சொல்லைத் தமிழன் ஒருவன் நின்று நோக்கினால் வேறொன்று புலப்படும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இராவுத்தன் என்பதற்குக் குதிரை வீரன் என்றே பொருள் தருகிறது. முஸ்லிம்களில் ஒரு பிரிவினரின் பட்டப்பெயர் என்பது அடுத்த பொருள். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே இச்சொல்லால் விளித்துப் பாடினார். ஊர்தியேறும் வீரன் என்பதைத் தவிர அங்கு வேறு பொருள் இல்லை. பாண்டி நாட்டுக் கடற்கரையில் ஆண்டுதோறும் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். குதிரையோடு வந்தவர், குதிரை பழக்கியவர், குதிரைமேல் போரிட்டவர் ஆகியோரின் நினைவு ஒரு குலப்பெயரில் உறைந்து கிடக்கிறது. அக்குலத்தார் பிற்காலத்தில் நெசவும் வணிகமும் வேளாண்மையும் மேற்கொண்டு குதிரையை மறந்தாலும் பெயர் மறக்கவில்லை.

ஆகவே ஆயிரத்தொரு குதிரைகள் வானத்திலிருந்து இறங்கியவையல்ல. பெயருக்குள் அடங்கிக் கிடந்த குதிரையைக் கதையாக அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். ஷேக்கின் படையோடு பத்ருப் போர்த் தியாகிகளின் நினைவும் கலந்து வருகிறது. கி.பி. 624-இல் நிகழ்ந்த அப்போரில் நபிகள் பக்கம் நின்றவர் 313 பேர் என்றும், அவர்களிடம் இருந்தவை இரண்டே குதிரைகள் என்றும் மரபு கூறும். இரண்டு குதிரை கசாக்குக்கு வரும்போது ஆயிரத்தொன்றாகிவிட்டது. இதை வரலாற்றுப் பிழை என்று திருத்தப் புகுவோர் கதையை இழப்பர். அரபு நாட்டு நினைவும் தமிழ்க் குலப்பெயரும் பாலக்காட்டுப் பனங்காற்றில் சந்தித்ததன் விளைவு அது. கதை சொல்பவர் பெயரையும் நோக்குங்கள்: அல்லாப்பிச்சை. வேண்டிப் பெற்ற பிள்ளைக்குப் பிச்சை என்று பெயரிடும் வழக்கம் தமிழ்நாட்டில் எம்மதத்தாரிடமும் உண்டு. இப்பெயரில் முற்பாதி அரபு, பிற்பாதி நம் வீட்டுத் திண்ணை.

குதிரைப்படை ஒன்று மாயமாய் வந்து நிற்பது தமிழ் வாசகனுக்குப் புதிதன்று. மாணிக்கவாசகர்க்காக இறைவனே குதிரைச் சேவகனாகி நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்த திருவிளையாடல் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே வந்த குதிரைகள் இரவில் மீண்டும் நரிகளாகிக் காட்டுக்குத் திரும்பிவிடுகின்றன, லாயம் வெறுமையாகிறது. கசாக்கில் வந்த குதிரை சாகிறது. ஆகவே ஊர் நிலைக்கிறது. இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய வேறுபாடு இது. இதனை மேலும் நீட்டினால் வலிந்து பொருள் கொள்வதாகிவிடும்.

இனி அந்தக் கிழட்டுக் குதிரை. ஊர் கண்டவரைப் புகழ்ந்து பேசும் மரபு நமக்கு மிகப் பழையது. பட்டினப்பாலை கரிகாலனைக் காட்டை அழித்தவனாக, குளம் அகழ்ந்தவனாக, குடிகளை நிலைநிறுத்தியவனாகப் பாராட்டுகிறது. ஊர்முதல்வன் என்றால் வலியவன், மண்ணை வென்றவன். 1976-இல் வெளிவந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ இம்மரபை ஒருபடி இறக்கி எளிய மக்களிடம் கொண்டுவந்தது. சென்னாதேவி என்னும் பெண்ணைக் காக்கத் தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் காட்டை எரித்துக் கரிசல் நிலத்தில் ஊர் காண்கிறார்கள். அக்கதையைப் பாதுகாத்துச் சொல்பவர் மங்கத்தாயாரம்மாள் என்னும் முதுமகள். இங்கும் ஊர் என்பது உழைப்பின் பயன். ஓடிவந்தவர்கள் காட்டோடு போராடித்தான் மண்ணைப் பெறுகிறார்கள்.

மார்க்வெசின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ புதினத்தில் வரும் மக்கோண்டோவையும் கசாக்கையும் இணைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதாக எண்ணுவதற்கு இடமில்லை. மார்க்வெசின் நூல் ஸ்பானிய மொழியில் 1967-இலும் ஆங்கிலத்தில் 1970-இலும் வந்தது. கசாக் அந்த ஆங்கில நூலுக்கு முன்பே தொடராக முடிந்துவிட்டது. மக்கோண்டோவைக் கண்டவன் ஒருவனைக் கொன்றுவிட்டு, கொலையுண்டவனின் ஆவிக்கு அஞ்சிப் புறப்பட்டவன். கடலைத் தேடிச் சென்று காணாமல் ஆற்றங்கரையில் தங்கி, கண்ணாடிச் சுவர்கள் கொண்ட நகரைக் கனவில் காண்கிறான். அவனிடம் திட்டம் உண்டு, கனவு உண்டு. ஷேக்குக்குக் கனவில்லை. கசாக்கில் ஊர் காண வேண்டும் என்று அவர் வரவும் இல்லை. எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பதும் பெரிதாகத் தெரியவில்லை. நடக்க மாட்டாத ஓர் உயிருக்காக நின்றார், அவ்வளவே. நம் நாட்டிலும் பிற நாட்டிலும் நான் படித்த அளவில், ஊர்முதல்வனை இவ்வளவு ஆற்றல் குறைத்து, இவ்வளவு உயர்த்திய கதை வேறில்லை. வெற்றிக்குப் பதிலாக இரக்கத்தையும், விரைவுக்குப் பதிலாகத் தாமதத்தையும் ஓர் ஊரின் அடிக்கல்லாக இட்டிருக்கிறார் விஜயன்.

இதை எழுதும்போது சொந்தச் செய்தி ஒன்று குறுக்கிடுகிறது. என் தந்தையார் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்திற்கு நடையாய் நடந்தார். முன்னோர் எந்த ஆண்டு இம்மண்ணுக்கு வந்தனர் என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும் என்றார்கள். எங்கள் பாட்டனார் வந்தபோது எவரும் அவருக்கு ரசீது கொடுக்கவில்லை. தந்தையார் தம் மடியிலிருந்த பழைய வரி ரசீதைக் காட்டினார். அது போதாது என்றார்கள். மைய அரசின் அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கோப்பு புரட்டும் எனக்கு, கேட்டவர் பக்கத்து விதியும் புரிகிறது. முதல் தாள் இல்லாத கோப்பை நானும் திருப்பி அனுப்புகிறவன்தான். ஆனால் சித்தூர் அன்று கொச்சி சமஸ்தானம். அதைச் சூழ்ந்திருந்த பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று கோடு மாற்றி வரையப்பட்டது. மக்கள் வீட்டிலேயே இருந்தார்கள். எல்லைதான் இடம் பெயர்ந்தது. கசாக்கில் ரவி நடத்தும் பள்ளி மாவட்டக் கழகப் பள்ளி என்பதை இந்நோக்கில் மீண்டும் படித்தேன். வந்த கதை என்பது பொழுதுபோக்கு அன்று. இருப்பதற்கான உரிமைச் சீட்டு. சீட்டு இல்லாதவன் குதிரை ஆயிரம் இருந்ததாகச் சொல்கிறான்.

இப்புதினத்தில் குறை காணாமல் விட்டால் இது திறனாய்வாகாது. ஆயிரவர் வந்தனர், ஆயிரவரும் ஆடவர். அவர்கள் வழி மக்கள் பெருகினர் என்கிறது கதை. அம்மக்களைப் பெற்ற தாய்மார் யார்? குதிரைமேல் பெண் எவரும் வந்ததாகக் கதை கூறவில்லை. எனின் அவர்கள் அம்மண்ணில் முன்பே இருந்தவர்களாதல் வேண்டும். அவர்களுக்கு மொல்லாக்காவின் கதையில் ஒரு சொல் இடமும் இல்லை. கி. ரா.வின் நூலில் ஊர் பிறக்கக் காரணமும் ஒரு பெண். கதையைக் காப்பவளும் ஒரு பெண். கசாக்கில் பெண்ணுக்கு வைத்த இடம் புளியமரம். அம்மரத்தில் ஒரு பெண்தெய்வம் உறைகிறது. மனைவி கற்புடையவளாயின் மட்டுமே கணவன் அதில் ஏறிப் புளி பறிக்க இயலும் என்பது ஊரார் நம்பிக்கை. ஆடவனின் தொன்மம் குதிரையேறி ஊர்ஊராய்ப் போகிறது; பெண்ணின் தொன்மம் மரத்தில் கட்டுண்டு, பிற பெண்களைச் சோதித்துக்கொண்டு நிற்கிறது. மைமுனாவின் எழிலைப் பக்கம் பக்கமாக எழுதிய ஆசிரியர் இதை உணர்ந்து வைத்தாரா, ஊர்வழக்கை அப்படியே வைத்தாரா என்று துணிய இயலவில்லை. எப்படியாயினும் அந்தப் பாதிக் கதை எழுதப்படாமலே நிற்கிறது.

வேறோர் இடைவெளியும் உண்டு. படை இறங்கிய பனங்காடு ஆளில்லாக் காடு போலவே நம் மனத்தில் பதிகிறது. ஊர்முதல்வன் கதைகளின் பொதுவான இயல்பு இது. தமக்கு முன் இருந்தவரை அவை நினைப்பதில்லை. எங்கள் பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடையில் இரவாளர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். 2002-இல் தங்கள் கிணற்று நீருக்காக அவர்கள் பந்தலிட்டு அமர்ந்தபோதுதான் உலகம் எங்கள் ஊரின் பெயரை அறிந்தது. 2004-இல் அங்கிருந்த கோகோ கோலா ஆலை ஓய்ந்தது. பல ஆண்டுப் பழக்கத்தில் அவர்களிடம் வந்த கதையை நான் கேட்டதில்லை. வேறெங்கிருந்தும் வராதவர்க்கு வந்த கதை எதற்கு?

மொல்லாக்காவின் முடிவைக் குறித்தும் சொல்ல வேண்டும். இப்புதினத்தில் ரவியைவிட இவரே என் மனத்தில் நிற்பவர். ஊரின் தொடக்கத்தை நாவில் சுமந்தவர் அவர். அரசுப் பள்ளி வரக்கூடாதென்று எதிர்த்தவர், முதுமையில் வறுமை மிஞ்சி அதே பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வருகிறார். காலில் செருப்பு கடித்த புண் புற்றாகி உயிரைக் கொள்கிறது. அவர் வளர்த்த நைஜாமலியோ, ஷேக்கின் காலி நானே என்று அறிவித்துக்கொண்டு, செதலி மலையின் அதிகாரத்தைக் கைக்கொள்கிறான். ஊர்முதல்வன் யார் என்பதில் ஊரில் பிணக்கில்லை. அவன் பெயரால் பேசும் உரிமை யாருக்கு என்பதில்தான் பிணக்கு. சங்கங்களில், கோயில் குழுக்களில் பழகியவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கிழட்டுக் குதிரைக்காக நின்ற தலைவரின் கதையை வாழ்நாளெல்லாம் சொன்னவர், தாமே கால் நைந்து நடக்கமாட்டாமல் நின்றபோது அவருக்காக நிற்க எவருமில்லை. விஜயன் இதை வெளிப்படக் கூறவில்லை. ஆனால் செருப்புக் கடியை அவர் காலில் வைத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ரவியும் ஒருவகையில் வந்தவனே. கூமன்காவில் பேருந்தை விட்டு இறங்கி, நாற்றுப்புரையில் பள்ளி வைத்து, ஊரோடு கலந்தும் ஊரில் வேரூன்றாமல், இறுதியில் அதே கூமன்காவில் பேருந்துக்குக் காத்துக் கிடக்கிறான். ஷேக் நின்றதால் ஊரானார். ரவி நிற்க மாட்டாமல் விருந்தினனாகவே முடிந்தான். கற்றவனைக் கற்றவனே எழுதும்போது சற்று மிகையாக இரங்கிவிடுகிறான். ரவியின் பகுதிகள் சில எனக்கு நீண்டுவிட்டதாகவே படுகின்றன.

இந்நூலை யூமா வாசுகி தமிழாக்கம் செய்து, அதற்காக 2017-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். பாலக்காட்டு ராவுத்தர் பேச்சில் தமிழ் ஊடும் பாவுமாய் ஓடுவதை மலையாள வாசகன் அயல்மணமாக நுகர்கிறான். அதே பேச்சு தமிழில் வந்து சேரும்போது அம்மணம் பிரித்தறிய முடியாமல் போகிறது. இது மொழிபெயர்ப்பாளர் குறையன்று. வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையை ஊரார் விருந்தாளியாக நடத்தாதது போன்றது. எங்களைப் போன்று இரு மொழிக்கும் நடுவில் வாழ்பவர்கள் இரு நூலையும் அருகே வைத்துப் படித்தல் நலம்.

புதுநகரத்தில் எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் இருக்கிறார், ராவுத்தர் குலம், மலையாளம் படிக்கத் தெரியாது, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தமிழாக்கத்திலிருந்து ஷேக்கின் வருகையை உரக்கப் படித்துக் காட்டினேன். முடிந்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

“குதிரையா தம்பி? எங்க பாட்டன் மாட்டுவண்டியில பொள்ளாச்சிச் சந்தைக்கு வந்து, அப்படியே இங்க தங்கினதாத்தான் கேள்வி.”

“அப்படியானால் இது பொய்யா, ராவுத்தரே?” என்றேன்.

“பொய்யின்னு சொன்னேனா? அந்தக் கிழக்குதிரையை எந்த இடத்தில அடக்கினாங்கன்னு அதுல போட்டிருக்கா? இன்னொருக்கா படிங்க.”

மீண்டும் முதலிலிருந்து படித்தேன்.